பாறை வளைவில் கேட்காமல் போன சத்தம்

நம் மெக்கானிக் சங்க மலருக்கு எழுதித் தரச் சொல்லி வீட்டு வாசலில் வந்து நின்ற தம்பிகள், "சைலன்சர் பத்தி எழுதுங்கண்ணே, இப்ப அதுதான் ஓடுது" என்றார்கள். ஓடத்தான் செய்கிறது. இன்றைக்குப் போடியில் பெரிய பைக் வாங்குகிறவன் முதல் சர்வீசுக்கு முன்பே கம்பெனி சைலன்சரைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுகிறான். எந்த வண்டிக்கு எது பொருந்தும், எதைப் போட்டால் இழுவை கூடும், எதைப் போட்டால் போலீஸ் ஓரங்கட்டச் சொல்லும் என்பதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அதைச் சொல்ல நான் வேண்டியதில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் சொல்ல வேறு ஒன்று இருக்கிறது. சைலன்சர் மாற்ற ஒருவன் வந்து நின்றால் அவனிடம் எதைக் கேட்க வேண்டும், அவனைத் தவிர வேறு யாரைக் கேட்க வேண்டும் என்பதுதான் அது.

முதலில் சிரித்துவிட்டுப் போகிற கதை ஒன்று. தேவாரத்துக்காரர் ஒருவர், தோட்டத்துக்குப் போகும் வழியில் யானை நிற்கிறது, வெடி வெடிப்பது போல ஒரு சைலன்சர் மாட்டுங்கள் என்று வந்தார். பட்டாசுக்கு ஓடுகிற யானை பைக்குக்கும் ஓடும் என்று நினைத்தார். "பட்டாசைக் கொளுத்துனவன் தள்ளிப் போயிருவான். நீங்க அந்தச் சத்தத்து மேலயே உக்காந்துருப்பீகளேண்ணே" என்றேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய் மாட்டிக்கொண்டார். யானை அவரை ஒன்றும் செய்யவில்லை. அவர் வீட்டுக் கறவை மாடுதான் கயிற்றை அறுத்துக்கொண்டு பொட்டிபுரம் பக்கம் ஓடிவிட்டது என்று கேள்விப்பட்டேன். காசு கொடுத்து வாங்குகிறவன் ஒருவன், காது கொடுத்துக் கேட்கிறது ஊர். அப்போது சிரித்தேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இனி வருவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

யூசுப் போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்துப் பையன். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. காலையில் போடிமெட்டுப் பாதையில் ஏறி, மேலே எஸ்டேட்டுகளில் காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்குப் போய், உள்ளங்கையில் காயைப் போட்டு உருட்டிப் பார்த்து விலை பேசிவிட்டு இறங்குவான். அது பிழைப்பு. ஆசை வேறு. நீண்ட தூரம் போவதற்கென்றே செய்த டூரிங் பைக் ஒன்றை வாங்கி, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டி, விடுமுறை கிடைத்தால் மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். வாங்கியவுடன் அவன் செய்த முதல் வேலை, வெளியூரில் ஒரு கடையில் உள்ளடைப்பே இல்லாத சைலன்சரை மாட்டியது. அந்த வண்டி மலையடிவாரத்து முந்தலைத் தாண்டும்போதே மலையில் பாதித் தூரம் வரை கேட்கும். மலை அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கும்.

"இத மாத்துடா, நீண்ட தூரத்துக்கு இது ஆகாது. சத்தமே ஒன்னய அசத்திப் போட்டுரும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வேன்.

"சத்தமில்லாம போறதுக்கு நான் சைக்கிள்லயே போயிருவேன்ணே. இதுல ஒரு வசதி தெரியுமா, ஹாரனே தேவையில்ல. நான் வர்றது மலைக்கே தெரியும்" என்பான்.

அவன் சொன்னது உண்மை. அந்த உண்மையை நான் வேடிக்கைப் பேச்சாகக் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மனைவி ஹசீனாவையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். மைசூர்ப் பக்கம் போய்விட்டுத் திரும்பிய களைப்பு இருவர் முகத்திலும் இருந்தது. "இனிமே இந்த வண்டில ஏற மாட்டேங்குதுண்ணே. தலை வெடிக்குதாம். நீங்க சொல்லி நான் கேக்கல, இது சொன்னாக் கேட்டுத்தான ஆகணும்" என்று சிரித்தான். வண்டியின் கம்பெனி சைலன்சர் அவனிடம் இல்லை, எங்கேயோ விற்றுவிட்டான். என்னிடம் பொருந்தக்கூடியவை மூன்று இருந்தன. ஒன்று கொஞ்சம் உறுமும், ஒன்று நடுத்தரம், ஒன்று கம்பெனிச் சைலன்சரைவிட அடக்கமானது. அந்த மூன்றாவது கனமானது, பார்வைக்கும் அழகில்லை. பையன்கள் யாரும் திரும்பிப் பார்க்காததால் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொன்றாக மாட்டி ஓடவிட்டேன். அந்தப் பிள்ளை பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். யூசுப் முன்னால் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். முதலாவதற்குத் தலையை ஆட்டினாள். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்தாள். மூன்றாவதை மாட்டியதும் கண்ணைத் திறந்து, "இது" என்றாள்.

"ஏம்மா, வண்டி ஓடுதான்னே தெரியலயே" என்றான் யூசுப்.

"அதான் வேணும். நீங்க பாட்டுக்கு முன்னால உக்காந்து பேசிக்கிட்டே வர்றீக, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. இதுல கேக்குது" என்றாள்.

என் கருத்தைக் கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பேன். டூரிங் வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான சைலன்சர் கிடையாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். தம்பிகளே, இதை நன்றாக மனதில் வையுங்கள். தப்பான பொருளை மாட்டி ஒருவனைக் கெடுத்த கதை அல்ல இது. சரியான பொருள், சரியாக மாட்டியது. பழைய சைலன்சரைச் சுவரில் தொங்கவிட்டுவிட்டு அன்றைக்குக் கடையைச் சாத்தினேன்.

மறுநாள் காலை ஜீப் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மலையில் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறி, இறக்கிவிட்டு, அடுத்த நடைக்குத் திரும்பி வரும் நேரம். முதல் நடையை முடித்து வந்த டிரைவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னண்ணே, ஒங்க யூசுப்பு இன்னைக்கு மேல போகலயா? சத்தத்தையே காணோம்."

"போயிருப்பானே" என்றேன்.

"அவன் போனா எங்களுக்குத் தெரியாமப் போகுமா? பாறை வளைவுல அவன் சத்தத்த வச்சுத்தான எறக்குறோம்."

பாறை வளைவு என்பது நாங்கள் அந்த வருஷப் பெருமழைக்குப் பிறகு வைத்த பெயர். மலை சரிந்து, ஒரு கொண்டை ஊசி வளைவில் பாதிச் சாலையைப் பாறை அடைத்துக்கொண்டது. மணல் மூட்டை அடுக்கி, ஒரு வண்டி மட்டும் போகும்படி விட்டிருந்தார்கள். எதிரே வருவது தெரியாது. அதற்கு ஜீப் டிரைவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இறங்கும்போது வளைவுக்கு மேலே நிறுத்தி, என்ஜினை அணைத்து, தலையை வெளியே நீட்டிக் காது கொடுப்பார்கள். ஹாரன் அடிக்க மாட்டார்கள். அடித்தால் ஏறி வருகிற வண்டியின் சத்தம் அதில் அமுங்கிவிடும் என்பது அவர்கள் அனுபவம். ஏதாவது கேட்டால் நிற்பார்கள். கேட்காவிட்டால் என்ஜினைப் போடாமலே பிரேக்கை விட்டு அந்தக் குறுகலான இடத்தை உருட்டிக் கடந்துவிட்டு, கீழே போய் கியரில் ஸ்டார்ட் செய்துகொள்வார்கள். ஏறுகிற லாரி, பஸ், ஜீப் எல்லாமே முக்கி முனகிக்கொண்டுதான் ஏறும் என்பதால் அந்த வழக்கம் யாரையும் கைவிட்டதில்லை. வண்டிகளை அவர்கள் சத்தத்தை வைத்தே பெயர் சொல்லுவார்கள். அதில் யூசுப்பின் வண்டிதான் எல்லாவற்றுக்கும் முந்திக் கேட்கும்.

டீ கிளாசை வைத்துவிட்டேன். யூசுப் ஹாரன் அடிக்க மாட்டான். அவனுடைய சத்தமே ஹாரன் என்று பழகிப் போனவன். சைலன்சரை நான் மாற்றினேன், அந்தப் பழக்கம் அவன் கையில் அப்படியே இருந்தது.

"மேல இருந்து இப்ப எறங்குறது யாரு?" என்று கேட்டேன்.

"பாண்டி. ராசிங்காபுரத்துப் பாண்டி. ஏண்ணே, மூஞ்சி ஏன் இப்பிடிப் போகுது?"

யூசுப்புக்குப் போன் அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது, இன்னும் கீழ் வளைவுகளில்தான் ஏறிக்கொண்டிருந்திருப்பான். பாண்டியின் எண்ணை வாங்கி அடித்தேன். லைன் போகவில்லை, அவன் இறங்குகிற மேல் வளைவுகளில் டவர் கிடையாது. "பாண்டிய உடனே நிறுத்தணும்" என்றதும் அந்த டிரைவர் ஏன் என்றுகூடக் கேட்காமல் என்னை ஏற்றிக்கொண்டு ஜீப்பைக் கிளப்பினார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் ஏறினார். நான் போனை அடித்துக்கொண்டே இருந்தேன். 

பனி இறங்கியிருந்தது. பாறை வளைவில் பாண்டியின் ஜீப் மணல் மூட்டைகளில் முகத்தை இடித்து நின்றது. பைக் இல்லை, பள்ளத்துக்குள் போயிருந்தது. பாண்டி சாலையில் உட்கார்ந்து யூசுப்பின் தலையை மடியில் வைத்திருந்தான். எங்களுக்கு முன்பே கீழிருந்து வந்து நின்ற ஒரு ஜீப்பிலிருந்து காய் எடுக்கும் பெண்கள் இறங்கி, தங்கள் தலைத்துண்டுகளை அவிழ்த்து யூசுப்பின் மேல் போர்த்தியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து வேண்டாம் என்பது போலக் கையை அசைத்தாள். அவன் போய்விட்டிருந்தான்.

"கேக்கலண்ணே. மஞ்சு எறங்கிக் கெடந்துச்சு, நின்னு காது குடுத்தேன். நெசமாக் காது குடுத்தேன். ஒண்ணுமே கேக்கல" என்றான் பாண்டி. அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஓசையில்லாமல் ஏறிய வண்டியும் ஓசையில்லாமல் உருண்டு இறங்கிய வண்டியும் ஒரு வண்டி போகிற இடத்தில் சந்தித்திருக்கின்றன. அவன் சொல்வது சத்தியம் என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஊர் அவனை நம்பவில்லை. எப்படி நம்பும்? "யூசுப்பு வண்டி கேக்கலையாம்" என்று கடைத்தெருவில் ஒருவருக்கொருவர் சொல்லிக் காறித் துப்பினார்கள். மலைக்கே தெரியும் வண்டி, எதிரே நின்றவனுக்குக் கேட்கவில்லை என்றால் அவன் போன் பேசியிருக்க வேண்டும், அல்லது ஸ்டியரிங்கில் தூங்கியிருக்க வேண்டும். ஸ்டேஷனில் பாண்டி அதையே சொல்லச் சொல்ல, பொய் சொல்கிறான் என்ற எண்ணம்தான் கெட்டிப்பட்டது. ஜீப் முதலாளி, அவன் யாரென்றே தெரியாதது போல இருந்துகொண்டார். பைக்கை மேலே தூக்கியபோது சைலன்சர் அதில் இல்லை. பள்ளத்தில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. முந்தின நாள் அதை மாற்றியது எனக்கும் யூசுப்பின் வீட்டுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுத் துக்கத்துக்கு நடுவே இதை எப்படிச் சொல்வது என்று நானும் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து சில நாளில் யூசுப்பின் அண்ணன் காதர் பட்டறைக்கு வந்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். சுவரில் தொங்கிய பழைய சைலன்சருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சைலன்சர் மாத்துனது அந்தப் புள்ள சொல்லித்தான்னு எனக்குத் தெரியும்ணே. தம்பி எங்கிட்டச் சொன்னான்" என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கம்மா இப்பவே பித்துப் பிடிச்ச மாதிரி இருக்கு. இவ சொல்லி மாத்துனதாலதான் மகன் போனான்னு அதுக்குத் தெரிஞ்சா, அந்தப் புள்ள எங்க வீட்டுல ஒரு நாள் இருக்க முடியாது. இத்தாவுல இருக்கு, நாலு மாசம் பத்து நாள் வெளிய வரக் கூடாது. அது பாட்டுக்கு ஒரு ரூமுக்குள்ள அழுதுக்கிட்டுக் கெடக்கு. அதுக்கு மேல இதையும் போடணுமா?"

"அந்த டிரைவரு பொய் சொல்லலையே காதர்" என்றேன்.

"தெரியும். ஆனாலும் என்ஜின அணச்சு உருட்டுனது அவன் தப்புத்தான? அதுக்கு அவன் அனுபவிக்கட்டும். நான் ஒங்களப் பொய் சொல்லச் சொல்லல. பேசாம இருங்கன்னுதான் சொல்றேன். அந்தப் பழசையும் எங்கிட்டக் குடுத்துருங்க."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள் தம்பிகளே? உங்களில் பலருக்கு இது தொழில் சம்பந்தப்பட்ட விஷயமாகவே தோன்றாது. ஆனால் என் தொழில் வாழ்க்கையில் நான் எடுத்த கஷ்டமான முடிவு இதுதான். வாயைத் திறந்தால் ஒரு பெண் வாழ்கிற வீடு போகும். மூடிக்கொண்டால் ஒருவன் வாழ்நாள் முழுக்க, தூங்கிக்கொண்டே ஒரு பையனைக் கொன்ற பொய்யன் என்று திரிய வேண்டும். காதர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்ததால்தான் அந்தக் கோபம் வந்தது.

"குடுக்க மாட்டேன்" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

பழைய சைலன்சரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். மேசையில் வைத்து, இதைக் கழற்றிவிட்டு வேறு ஒன்று மாட்டினேன், அது எவ்வளவு அடக்கமானது என்று வேண்டுமானால் அதே மாதிரி ஒன்றை வரவழைத்து ஓடவிட்டுக் காட்டுகிறேன் என்றேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"யாரு மாத்தச் சொன்னது?"

"நான்தான் சார். ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

ரொம்ப நாளாகச் சொன்னது உண்மைதான். அதற்காக அவன் மாற்றவில்லை என்பதையும் நான் அறிவேன். ஹசீனாவின் பெயர் வரவில்லை, பாண்டி சொன்னதும் மெய்யானது. இரண்டு பேரையும் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு என் மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை இருந்தது.

பாண்டி மேல் வழக்கு இருந்தது, இருக்கத்தான் வேண்டும். ஆனால் பொய்யன் என்ற பேச்சு நின்றது. அவன் திரும்ப ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஓர் எஸ்டேட் ஸ்டோரில் காய் உலர்த்தத் தீப் போடுகிற சோலியில் இருக்கிறான். பாதையில் வண்டிச் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் விறகை வைத்துவிட்டு நின்றுவிடுகிறான் என்று மேலே போய்வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஊரின் கோபம் என் பக்கம் திரும்பியது. யூசுப்பின் தெருவிலிருந்து ஒரு வண்டிகூட என் பட்டறைக்கு வரவில்லை. அதை நான் எதிர்பார்த்திருந்தேன்.

எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. இத்தா முடிந்து வெளியே வந்த ஹசீனா, ஒரு காலையில் பட்டறை வாசலில் நின்றாள். தனியாக வரவில்லை. மாமியாரின் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். காதர் யாருக்குத் தெரியக் கூடாது என்று பயந்தாரோ அந்த அம்மாதான். இரண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"நீங்கதான் மாத்தச் சொன்னதாச் சொல்லிட்டீகளாமே. ஏண்ணே?" என்றாள்.

நான் மாமியாரைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

"மாமிட்ட நான் மொத நாளே சொல்லிட்டேன். மய்யத்து அடக்கத்துக்குப் போகுமுன்ன, வீட்டுல இருக்கையிலயே சொல்லிட்டேன். நான் கேட்டுத்தான் மாத்துனாகன்னு. காதர் மச்சான் எங்ககிட்டக் கேக்கவே இல்ல. நீங்களும் கேக்கல." அவள் குரலில் கோபம் இல்லை. "கேட்டிருந்தா, அந்த டிரைவரு சொல்றது நெசந்தான்னு நானே அன்னைக்கே சொல்லி அனுப்பிருப்பேன். அத்தன நாள் அந்த ஆளு பொய்யன்னு பேர் வாங்கிருக்க வேண்டாம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவளுக்காகவே நானும் காதரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். பக்கத்து அறையில் இருந்தவளை ஒரு வார்த்தை கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சைலன்சர் மாற்றிய அன்று ஜீப் ஸ்டாண்டில் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றாததும் இதே கோளாறுதான். நல்லது எது என்று நமக்குத் தெரிந்துவிட்டால் மற்றவர்களைக் கேட்பதை நிறுத்திவிடுகிறோம்.

அதற்குப் பிறகு பட்டறையை மூடும் வரை, மலைக்குப் போகிற எந்த வண்டிக்குச் சைலன்சர் மாற்றினாலும், கூட்டினாலும் சரி குறைத்தாலும் சரி, நானே ஸ்டாண்டுக்கு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவேன். இன்ன வண்டி, இனி இப்படிக் கேட்கும் என்று. முதல் நாள் வண்டிக்காரனோடு நானும் ஏறிப் போய், அவனை வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கப் பழக்குவேன். என்னைக் கிறுக்கன் என்று சொன்னவர்களும் உண்டு. நீங்களும் அப்படிக் கிறுக்கர்களாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அன்றைக்கு அவர்கள் எழுந்தபோது நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "அந்தச் சைலன்சர நான் மாட்டாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பிடிச் சொல்லாதீங்கண்ணே" என்றாள் ஹசீனா. "தெனமும் நான் வாசல்ல நின்னு அனுப்புவேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணதுமே அவுக வாய் அசையுறதுதான் தெரியும், ஒண்ணும் கேக்காது. அன்னைக்குத் தெரு முக்குத் திரும்புற வரைக்கும் கேட்டுச்சு. மத்தியானம் வெரசா வந்துர்றேன், கதவத் தாப்பாப் போட்டுக்கன்னு சொல்லிக்கிட்டே போனாக."

 மாமியார், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"உள்ள படுத்துருந்தேன். எனக்கும் கேட்டுச்சுப்பா" என்றார்.